"தெரபிஸ்டைப் பார்" என்று சொல்லிக் கைகழுவுவோருக்கு

நம் வளாகங்களில் இன்று மிக மலிவாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "நீங்கள் ஏன் ஒரு தெரபிஸ்டைப் பார்க்கக்கூடாது?" நெறியாளர் சொல்கிறார், துறைத்தலைவர் சொல்கிறார், விடுதித் தோழர் சொல்கிறார். சொன்ன அக்கணமே சொன்னவரின் கடமை தீர்ந்துவிடுகிறது. யாரைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும், பணம் கட்டுமுன் என்னவெல்லாம் கேட்டறிய வேண்டும் என்பவையெல்லாம் கேட்டவரின் தலைவிதி.

தவறாகப் படிக்கப்படக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவியல் சிகிச்சைக்கு நான் எதிரியல்லன், அதனால் மீண்டவன். என் சினமெல்லாம் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிடுவதைப் பற்றியது. ஆய்வு மாணவர் ஒருவர் தன் வாழ்வின் மிக வலுவிழந்த நிலையில், இந்தியாவின் மிகக் குறைவாக முறைப்படுத்தப்பட்ட சந்தைகளுள் ஒன்றுக்குள் தனியாக அனுப்பப்படுகிறார். அனுப்புகிறவர்கள் அதை அக்கறை என்று நம்புகிறார்கள்.

ஈராண்டுகளுக்கு முன் என் ஆய்வேடு மூன்றாம் இயலில் நின்றுபோயிற்று. கோப்பைத் திறப்பேன், களப்பணிப் பதிவுகளைக் கேட்பேன், ஒரு வரியும் எழுதாமல் மூடுவேன். விடியற்காலை நான்கு மணிக்கு முன் உறக்கம் வராது. ஊரிலிருந்து அம்மா அழைத்தால், "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. நெறியாளர் மேற்சொன்ன வாக்கியத்தைச் சொன்னார். தேடியதில் முதலில் தென்பட்ட இணையத் தளத்தில் சேர்ந்தேன். ஆறு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினேன். எனக்கு ஒதுக்கப்பட்டவரின் அறிமுகப் பக்கத்தில் "சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட்" என்றிருந்தது. யாரிடம் பெற்ற சான்றிதழ் என்று எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சொல் தன் பொருளை எங்கிருந்து பெறுகிறது என்பதையே பாடமாகப் படித்தவன், அந்த ஒரு சொல்லைக் கேள்வியின்றி விழுங்கினேன்.

நான்காம் அமர்வில் அப்பாவின் மறைவைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். ஐந்தாம் அமர்வில், பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு பைபோலார் இருக்கலாம் என்று தோன்றுகிறது" என்றார் அவர். நேரம் முடிந்தது, திரை அணைந்தது. மூன்று வாரம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஆய்வேட்டுக்காகப் படிக்க வேண்டிய இரவுகளில் மருத்துவ இதழ்களைப் படித்தேன். சிறுவயதில் துள்ளிக் குதித்த நாள்களையெல்லாம் நோயின் அறிகுறிகளாகத் திருப்பிப் படித்தேன். இறுதியில் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் அவர் பொறுமையாக வரலாறு கேட்டார். அந்நோய்க்கான தடயம் எதுவுமில்லை, இது துயரமும் மனச்சோர்வும் என்றார். அதன் பிறகே முன்னவரிடம் அவருடைய படிப்பு என்னவென்று எழுதிக் கேட்டேன். இளங்கலை வணிகவியல், அதன்மேல் ஆறு வார இணையவழிச் சான்றிதழ். "காகிதமா காயத்தை ஆற்றுகிறது?" என்பது அவர் எனக்கு அனுப்பிய கடைசி மறுமொழி.

ஆஸ்டினைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில கூற்றுகள் செய்தி சொல்வதில்லை, செயலைச் செய்கின்றன. அதைச் செய்யும் அதிகாரம் சொல்பவருக்கு இருந்தாக வேண்டும். இன்னாருக்கு இன்ன நோய் என்று பெயரிடுவது அத்தகைய கூற்று. அதிகாரமற்றவர் சொன்னால் அது நோயறிதல் ஆகாது. ஆனால் கேட்டவரின் மனத்தில் அது தன் வேலையைச் செய்துவிடும். என் மூன்று வாரங்கள் அதற்குச் சான்று.

சிக்கலின் வேர் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. "மனநல மருத்துவர்" என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது: மருத்துவப் பட்டம், அதன்மேல் மனநலத்தில் பட்டமேற்படிப்பு, மருத்துவக் குழுமத்தில் பதிவு. மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு உண்டு. உளவியலாளருக்கோ ஆலோசகருக்கோ இல்லை. "மருத்துவ உளவியலாளர்", அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், என்ற சொல்லுக்கும் வேலி உண்டு. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பு வேண்டும். பலருக்கும் அது முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். அதன்பின் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏறியவருக்குப் பதிவு எண் உண்டு.

"தெரபிஸ்ட்", "கவுன்சிலர்", "லைஃப் கோச்", "மனநல ஆலோசகர்" ஆகிய சொற்களுக்கு அத்தகைய வேலி நடைமுறையில் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது உண்மை. ஆனால் மாநிலக் குழுமங்களை அமைக்கும் வேலையே ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2020 மார்ச்சில் வெளிவந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களோ பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. எனவே இன்று ஒருவர் தன் பெயருக்கு முன்னால் "தெரபிஸ்ட்" என்று போட்டுக்கொள்ள அவருடைய துணிச்சலே போதுமானது. இன்னும் ஓராண்டில் என் பெயருக்கு முன்னாலும் "டாக்டர்" வந்துவிடும். தமிழ் வினைமுற்றுகளைப் பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்த அந்தப் பட்டத்தோடு நான் ஒரு பக்கம் தொடங்கி அமர்வுக்கு 1,500 ரூபாய் வாங்கினால், முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் என்னைத் தடுக்க யாரும் வரப்போவதில்லை.

தமிழ் வழக்கு இந்த மயக்கத்தை இன்னும் ஆழமாக்குகிறது. தமிழ்நாட்டில் "கவுன்சலிங்" என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி இடஒதுக்கீடு. நாம் ஆக்கிக்கொண்ட "ஆலோசனை" என்ற சொல்லோ, மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு வழங்கும் ஒன்றாகவே காதில் விழுகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு "உளவளத்துணை" என்ற சொல் வழங்குகிறது. துணையிடம் நாம் கேள்வி கேட்போம். ஆலோசனை சொல்பவர்முன் கைகட்டி நிற்போம். குருவின் தகுதியைக் கேட்பது அபசாரம் என்று பழகிய நம் கல்விப்புலத்தில், அந்தக் கைகட்டல் திரைக்கு முன்னாலும் தொடர்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: "சிகிச்சை என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது, தகுதியைக் குடைவது அந்த நம்பிக்கையைக் கெடுக்கும்." இது தலைகீழ் வாதம். பல் பிடுங்குபவரிடம் நாம் பட்டத்தைக் கேட்பதில்லை என்றால், கேட்க வேண்டிய வேலையை ஒரு குழுமம் நமக்காகச் செய்து வைத்திருக்கிறது என்பதே காரணம். அந்தக் குழுமம் இல்லாத இடத்தில் கேள்வி நம் கைக்கு வருகிறது. எனக்குப் பின்னர் வாய்த்த மருத்துவ உளவியலாளர், நான் கேட்பதற்கு முன்பே தன் பதிவு எண்ணையும் தன் பயிற்சியின் எல்லையையும் சொன்னார். நம்பிக்கை அங்கேதான் தொடங்கிற்று.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது: "இதெல்லாம் மேல்தட்டினரின் பொழுதுபோக்கு, நண்பர்களிடம் பேசினால் போதும்." 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறுகளின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. இவ்வளவு பேரையும் நண்பர்களின் தோளில் ஏற்றிவிட முடியாது. நண்பர்கள் வேண்டும், பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். யாரும் எனக்கு இவற்றைச் சொல்லவில்லை.

ஒன்று, தகுதி. என்ன பட்டம், எந்த நிறுவனம், எத்தனை மணிநேரம் மேற்பார்வையில் பயின்றீர்கள், இப்போதும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இருக்கிறீர்களா? மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு, குழுமத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும்: குழுமப் பதிவு இல்லாத, ஆனால் முதுகலை உளவியலும் முறையான பயிற்சியும் பெற்ற நல்ல ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள். பிரிவுத் துயருக்கும் ஆய்வு நெருக்கடிக்கும் அவர்களே போதுமானவர்களாக இருக்கலாம். அவர்களை அடையாளம் காணும் வழி எளிது: தங்களால் எது முடியாது என்பதைத் தயங்காமல் சொல்வார்கள்.

இரண்டு, இரகசியத்தின் எல்லை. "எல்லாம் இரகசியம்" என்பவரை நம்பாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் இரகசியக் காப்பை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, உயர்நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகளையும் வைக்கிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைத் தெரிவித்தாக வேண்டும். இந்த எல்லைகளை முதல் அமர்விலேயே சொல்பவர் தொழில் அறிந்தவர்.

மூன்று, தரவு. தனியொருவரிடம் பேசுவது வேறு, தளமொன்றின் வழியாகப் பேசுவது வேறு. தளத்தில் நீங்கள் நிரப்பும் முதல் வினாப்படிவமே உங்கள் மருத்துவ வரலாறு. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023இல் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. பகிரமாட்டோம் என்று உறுதி கூறிவிட்டு, பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் வினாப்படிவத் தகவல்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் முதலிய நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. 78 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. பின்லாந்தின் வஸ்தாமோ உளசிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020இல் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் சென்றன; பாதிக்கப்பட்டோர் 30,000க்கும் மேல். ஆகவே கேளுங்கள்: அமர்வு பதிவு செய்யப்படுகிறதா? குறிப்புகள் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும்? நான் விலகினால் அழிக்கப்படுமா?

நான்கு, நெருக்கடி. இணையவழி அமர்வின் பெரிய குறை, ஆபத்தான வேளையில் எதிரிலிருப்பவர் எழுந்து வந்து உங்கள் கதவைத் தட்ட முடியாது என்பது. ஆகவே தொடக்கத்திலேயே உங்கள் இருப்பிடத்தையும் அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண்ணையும் கேட்பவர் நல்லவர். கேட்காதவரிடம், "இரவில் நிலைமை மோசமானால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே இருக்கிறதென்றால் அடுத்த வார அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. அருகிலிருப்பவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்து, பணம். தொகுப்பாக முன்பணம் கட்டாதீர்கள். முதல் அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள். தவறிய அமர்வுக்குக் கட்டணம் உண்டா, விலகினால் மீதி திரும்புமா, மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு மீதி திரும்பவில்லை.

ஆறு, இடம். விடுதியில் தனியறை இல்லாதவர்களுக்கு இது சிறிய கேள்வி அன்று. என் அமர்வுகள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நடந்தன. யாரேனும் துணி காயப்போட வந்தால் வானிலை பற்றிப் பேசுவேன். துறையில் பூட்டக்கூடிய ஓர் அறையை வாரம் ஒரு மணிநேரம் கேட்டுப் பெற முடியுமா என்று பாருங்கள்.

ஏழு, மொழி. மொழியியல் மாணவனாக இதை நான் கடைசியில் வைப்பது, சற்று விரித்துப் பேச வேண்டும் என்பதால். இணையவழிச் சந்தை ஆங்கிலத்திலேயே விற்கிறது. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவருக்கு ஆங்கிலத்தில் அழவும் தெரியும் என்பது அதன் கணக்கு. "மை ஃபாதர் பாஸ்ட் அவே" என்று கண் கலங்காமல் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். "அப்பா போயிட்டாரு" என்ற இரண்டு சொற்களை என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை. "வயிற்றைப் பிசைகிறது", "நெஞ்சை அடைக்கிறது", "என்னவோ போலிருக்கிறது" ஆகியவற்றை "ஆங்ஸைட்டி" என்று நானே பெயர்த்துச் சொல்லும்போது, எனக்கு நானே மொழிபெயர்ப்பாளனாகி, நோயாளி என்ற இடத்தைக் காலி செய்துவிடுகிறேன். இணையவழியின் மெய்யான வரம், தில்லி விடுதியிலிருந்துகொண்டே மதுரையிலோ கோவையிலோ இருப்பவரிடம் தமிழில் பேச முடியும் என்பதே. அறைத்தோழருக்குத் தமிழ் தெரியாது என்பதால் மொழியே கதவாகவும் ஆயிற்று. அந்த வரத்தைக் கேட்டுப் பெறுங்கள். மாறாக, வீட்டு மொழியில் பேசவே முடியாத காயங்களும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் தரும் தொலைவே பாதுகாப்பு. தேர்வு உங்களுடையதாக இருக்கட்டும், தளத்தினுடையதாக வேண்டாம்.

இவ்வளவும் மாணவர் கேட்க வேண்டியவை. இனி, நிறுவனங்களைக் கேட்க வேண்டியது.

2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் அல்லது உளவியலாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. ஒருவரையேனும் என்பது அடித்தளம். ஆயிரக்கணக்கானோர் பயிலும் வளாகத்தில் ஒரே ஒருவரை அமர்த்திவிட்டுக் கோப்பை மூடினால் அது கணக்குக் காட்டல் மட்டுமே. அந்த ஒருவரிடம் சொன்னது நிர்வாகத்துக்கோ நெறியாளருக்கோ போகாது என்பதற்கு எழுத்து வடிவ உறுதி எத்தனை வளாகங்களில் இருக்கிறது? அந்த அச்சத்தால்தான் மாணவர்கள் தனியாரிடம் ஓடுகிறார்கள். ஓடுவதற்கும் பணம் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். வாரம் ஓர் அமர்வு, அமர்வுக்கு 1,500 என்றால் மாதம் 6,000. மீதி 2,000இல் உணவு, நூல், ஊருக்குப் போகும் ரயில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "தெரபிஸ்டைப் பார்" என்பது, பசித்தவனிடம் நல்ல உணவகத்தின் முகவரியைக் கொடுப்பதற்கு ஒப்பு.

இன்னொன்றும் உண்டு. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதும், இயல் ஒன்றை நெறியாளர் அரையாண்டு படிக்காமல் வைத்திருப்பதும், சாதிப் பெயர் தெரிந்தபின் குரல் மாறுவதும் நோய்கள் அல்ல. எந்த உளவியலாளராலும் அவற்றைக் குணப்படுத்த முடியாது. காரணத்தை வளாகத்தில் வைத்துக்கொண்டு, விளைவை மட்டும் மாணவரின் தலைக்குள் தேடச் சொல்வது நியாயமன்று.

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்த வாக்கியத்தை இனிச் சொல்ல நேர்ந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் நெறியாளராயின், அமர்வு நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். ஓர் அறையின் சாவியைக் கொடுங்கள். துறையின் அறிவிப்புப் பலகையில் டெலி-மானஸ் எண்ணை ஒட்டுங்கள்: 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் கட்டணமில்லாச் சேவை. இருபத்துநான்கு மணிநேரமும், தமிழிலும் பேசலாம். தோழராயின், முதல் அமர்வின்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருங்கள். துணி காயப்போட வருபவரைச் சற்று நேரம் பேச்சில் நிறுத்தி வையுங்கள். அது எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்தவருக்குக் கிடைக்கட்டும்.